நட்புறவுச் சங்கம் 1962-லேயே செத்துப்போச்சா?

நெத்திமேடு_72
2024 நவம்பர் 3, காலை

எல்லையில ரோந்து உடன்பாடு வந்தாலும் வந்துச்சு, டிவியில மறுபடி 'இந்திய–சீன மக்கள் நட்பு'ன்னு ஆரம்பிச்சுட்டாங்க. நான் சொல்றேன், அந்த நட்புறவுச் சங்கம் கம்யூனிஸ்ட் கட்சி மாட்டிக்கிட்ட முகமூடி. நேரு கைதட்டினார், 'இந்தி–சீனி பாய் பாய்'னு கோஷம் போட்டாங்க, 1962-ல சீனச் சண்டையில அடி விழுந்ததும் கடையைச் சாத்திட்டாங்க. இதுக்கு ஒரு வரலாறு வேறயா? சேலத்துக்காரனுக்கு இதனால பத்துப் பைசா பிரயோஜனம் உண்டா?

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 3, இரவு

முகமூடின்னா யாருடைய முகத்துக்கு? வருஷத்தைப் பாருங்க. தாகூர் சீனா போனது 1924. தான் யுன்-ஷான் என்கிற சீன அறிஞர் சாந்திநிகேதன் வந்து சேர்ந்தது 1928. சீன–இந்தியக் கலாசாரச் சங்கம் 1933-ல நான்கிங்கில் தொடங்கினது, அடுத்த வருஷம் இந்தியாவில். 1937 ஏப்ரல் 14 அன்னைக்குச் சாந்திநிகேதனில் சீனப் படிப்புக்குன்னு சீன பவனம் திறந்தாங்க. அப்போ சீனாவை ஆண்டவர் சியாங் கை-ஷேக். மாவோ ஆட்கள் யேனான் மலைக்குகையில இருந்த காலம். கம்யூனிஸ்ட் ஆட்சி வர இன்னும் 12 வருஷம் இருக்கு.

தான் யுன்-ஷான் நிரந்தரமாத் திரும்பிப் போகவே இல்லை. 1983-ல புத்த கயாவில் இறந்தார். சண்டைக்கு முன்னாடியும் இங்கேதான், பின்னாடியும் இங்கேதான்.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 4

நேத்து கண் அசந்துட்டேன். முக்கியமானதைச் சொல்லலை.

1938. சீனாவை ஜப்பான் அடிச்சு நொறுக்கிட்டு இருக்கு. டாக்டர் அனுப்ப முடியுமான்னு சூ தே என்கிற தளபதி நேருவுக்குக் கடிதம் போடுறார். அப்போ காங்கிரஸ் தலைவர் சுபாஷ் போஸ். ஊர் ஊரா உண்டியல் குலுக்கினாங்க. அடிமை நாடு, சொந்த ஆஸ்பத்திரிக்கே பஞ்சுக்கு வழியில்லை, பக்கத்து நாட்டுக்கு வைத்தியம் பார்க்கப் பணம் சேர்த்தாங்க. அடல், சோல்கர், கோட்னிஸ், பாசு, முகர்ஜி. அஞ்சு டாக்டர் பம்பாயில் கப்பல் ஏறினாங்க.

கோட்னிஸ் சோலாப்பூர்க்காரர். சோலாப்பூர் போர்வை இல்லாத வீடு சேலத்துல ஏது? நம்மளை மாதிரியே தறி ஊர். மத்தவங்க ஒவ்வொருத்தரா ஊர் திரும்பினாங்க, இவர் அங்கேயே தங்கி, முன்களத்துல ஆபரேஷன் பண்ணி, பெத்யூன் ஆஸ்பத்திரிக்குத் தலைமை ஏத்து, குவோ சிங்லான் என்கிற நர்ஸைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். பையன் பிறந்த சில மாசத்துல, 1942 டிசம்பர் 9-ம் தேதி வலிப்பு வந்து இறந்தார். வயசு 32. அந்தப் பையனும் மருத்துவம் படிச்சுட்டு இருக்கும்போதே 1967-ல போயிட்டான். அந்தம்மா 2012 வரைக்கும் இருந்தாங்க. சீனத் தலைவர்கள் இந்தியா வந்தா கோட்னிஸ் குடும்பத்தைப் பார்த்துட்டுப் போறது வழக்கமா இருந்துச்சு. சண்டை நடந்த அப்புறமும் அது விட்டுப்போகலை.

எனக்குத் தெரிஞ்ச நட்புறவுச் சங்கத்துல உருப்படியான வேலை பார்த்தது இந்த அஞ்சு பேர்தான். அப்போ அதுக்குச் சங்கம்னு போர்டுகூட இல்லை.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 4, மதியம்

'ஏற்காடு காப்பி'ங்கிற பேர்ல ஒருத்தர் கேட்டிருக்கார், ஏற்காட்டுல இருக்கிற பகோடா பாயிண்ட்டுக்கும் சீனாவுக்கும் சம்பந்தம் உண்டான்னு. சாமி, கல்லை அடுக்கி வச்சிருக்கிறதைப் பார்த்து எவனோ வெள்ளைக்காரன் வச்ச பேரு. பக்கத்துல இருக்கிறது ராமர் கோயில். சீனாக்காரன் வந்தான்னு ஒரு வாட்ஸ்அப் கதை கிளம்புறதுக்குள்ள இதை இங்கேயே புதைச்சுடுங்க.

நிஜமாவே வேணும்னா நாகப்பட்டினம் போங்க. அங்கே ஒரு பழைய கோபுரத்தைச் சீன பகோடான்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க. 1867-ல இடிச்சுட்டாங்க, அதனால போயும் பார்க்க ஒண்ணுமில்லை. சீனாவுல சுவான்சௌ துறைமுகத்துல தமிழும் சீனமும் சேர்த்து வெட்டின கல்வெட்டு கிடைச்சிருக்கு, 1281-ம் வருஷத்தது. நம்ம வியாபாரிகள் அங்கே சிவன் கோயில் கட்டியிருக்காங்க. ராஜராஜன் காலத்துலேயே தூது கிளம்பி 1015-ல சீன அரசவை போய்ச் சேர்ந்திருக்கு.

கேட்கப் பெருமையாத்தான் இருக்கு. ஆனா இதையே மேடையில பேசிப் பேசித்தான் சங்கக்காரங்க நேரத்தை ஓட்டினாங்க. ரெண்டாயிரம் வருஷ நட்பு, ஒரு தடவைகூடச் சண்டை இல்லைன்னு. நடுவுல இமயமலையும் திபெத்தும் இருந்தப்போ யார் யாரோட சண்டை போடுறது?

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 5

இப்ப நீங்க சொல்ற சங்கத்துக்கு வரேன்.

மக்கள் சீனாவை இந்தியா அங்கீகரிச்சது 1949 டிசம்பர் 30. அதுக்கு ரெண்டே வருஷத்துக்குள்ள இங்கே இந்திய–சீன நட்புறவுச் சங்கம் உருவாயிடுச்சு. 1952 மே மாசம் பெய்ஜிங்கில் அவங்க பக்கத்துச் சங்கம். இங்கே தலைவர் பண்டித சுந்தர்லால். அவர் கம்யூனிஸ்ட் இல்லை, காந்தி ஆள். இந்தியாவில் ஆங்கில ஆட்சியைப் பத்தி அவர் எழுதின புத்தகத்தை வெள்ளைக்காரன் 1929-ல தடை பண்ணினான். 1951-ல அவர் தலைமையில ஒரு நல்லெண்ணக் குழு சீனா போச்சு. அதுல யார் இருந்தா தெரியுமா? நம்ம ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூர்ல பிறந்து, லண்டன்ல ஆடிட்டருக்குப் படிச்சு, அதையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு செக்குக்கும் கைத்தறிக்கும் வாதாடினவர். கடைசிக் காலத்துல மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில இருந்தார். அவர் போய்ப் பார்த்துட்டு நிலச் சீர்திருத்தத்தை மெச்சிப் பேசினார். குமரப்பாவுக்கு எந்தக் கட்சி முகமூடி மாட்டுவீங்க?

கம்யூனிஸ்டுகள் இருந்தாங்க, இல்லேன்னு சொல்லலை. நிறையவே இருந்தாங்க. ஆனா அந்த நேரத்துல அவங்க நிலைமை என்ன? 1950 பிப்ரவரி 11-ம் தேதி நம்ம சேலம் மத்திய சிறைக்குள்ள போலீஸ் சுட்டதுல 22 கைதிகள் செத்தாங்க, எல்லாரும் கம்யூனிஸ்ட், விவசாய சங்க ஆட்கள். அது நடந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. மேடையில கதர்க்காரரோட சரிசமமா உட்கார ஒரு நாற்காலி கிடைக்குதுன்னா யார்தான் விடுவா? காந்தியவாதி ஒரு கணக்கோட வந்தார், கம்யூனிஸ்ட் இன்னொரு கணக்கோட வந்தார். ஒரே போட்டோவுல நின்னாங்க.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 5, இரவு

குகை மாப்பிள்ளை எழுதியிருக்கார்: "அரசாங்கமே விஜயலட்சுமி பண்டிட் தலைமையில 1952-ல கலாசாரக் குழு அனுப்பும்போது, தனியா ஒரு சங்கம் எதுக்கு?"

சரியான கேள்வி. எனக்கும் அங்கேதான் உறுத்துது. அரசாங்கம் எந்தத் திசையில போகுதோ அதே திசையில சங்கமும் போச்சு. பீகிங்குல இருந்து ஒரு குழு வந்தா மாலை, இங்கிருந்து ஒரு குழு போனா விருந்து, அக்டோபர் முதல் தேதி விழா, படக் கண்காட்சி. 1956 டிசம்பர்ல சூ என்லாய் மெட்ராஸ் வந்தார், பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையையும் மாமல்லபுரத்தையும் சுத்திக் காட்டினாங்க. எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. யாரும் யாரையும் ஒரு சங்கடமான கேள்வி கேட்கலை.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 7

பஞ்சசீலம், பஞ்சசீலம்னு எல்லாரும் சொல்றோமே, அந்த ஒப்பந்தம் உண்மையில எதைப் பத்தினது? 1954 ஏப்ரல் 29 அன்னைக்குக் கையெழுத்தானது வியாபார ஒப்பந்தம், சீனாவின் திபெத் பகுதிக்கும் இந்தியாவுக்கும் நடுவுல போக்குவரத்தும் வணிகமும். யாத்திரை போறவங்க, கம்பளி விக்கிறவங்க, எந்தக் கணவாய் வழியா வரலாம், இப்படிப்பட்ட விஷயங்கள். அஞ்சு கொள்கையும் அதோட முன்னுரையில இருக்கு. எல்லைக்கோடு எங்கேன்னு அதுல ஒரு வரி கிடையாது.

இன்னொண்ணு. அதோட ஆயுசு எட்டு வருஷம்தான். 1962 ஜூன்ல காலாவதி ஆச்சு. புதுப்பிக்க ஆளில்லை. அக்டோபர் 20-ம் தேதி குண்டு விழுந்துச்சு.

நடுவுல நடந்ததையும் பாருங்க. 1959 மார்ச் கடைசியில தலாய் லாமா இந்தியாவுக்குள்ள வந்தார். ஆகஸ்ட்ல எல்லையில இருக்கிற லோங்ஜூவில் துப்பாக்கிச் சூடு. அக்டோபர் 21-ம் தேதி லடாக்ல நம்ம போலீஸ்காரங்க பத்து பேர் செத்தாங்க. வருஷா வருஷம் அதே தேதியில காவலர் வீரவணக்க நாள்னு நம்ம சேலம் ஆயுதப்படை மைதானத்துல குண்டு முழங்குதே, அது இவங்களுக்காக ஆரம்பிச்சதுதான். காலையில சத்தம் கேட்டுப் புறா பறக்கும்போது, லடாக் பனியில செத்தவங்களுக்காகன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த மூணு வருஷமும் நட்புறவுச் சங்கத்துக்கு வாய்ப்பு இருந்துச்சு. ரெண்டு பக்கமும் ஆள் தெரியும், வீடு தெரியும், பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. "ஐயா, உங்க வரைபடத்துல அந்தக் கோடு ஏன் அங்கே போகுது?"ன்னு கேட்கிற உரிமை யாருக்காவது இருந்துச்சுன்னா அது இவங்களுக்குத்தான். கேட்கலை. இங்கே இருந்தவங்கள்ல பாதிப் பேர் சீனாவைக் குறை சொல்லக் கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டாங்க, மீதிப் பேர் நேருவைச் சங்கடப்படுத்தக் கூடாதுன்னு மூடிக்கிட்டாங்க. சண்டை வந்தப்போ சங்கத்துக்குப் பேச வார்த்தையே இல்லாமப் போச்சு. நீங்க சொல்ற 'கடையைச் சாத்தினது' 62-ல இல்லை, 59-லயே ஷட்டர் பாதி இறங்கிடுச்சு.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 8

62 ஞாபகம் இருக்கான்னு கேட்கிறாங்க. நான் சின்னப் பையன். பாதுகாப்பு நிதிக்குன்னு தெருவுல தட்டு ஏந்தி வந்தாங்க, எங்க பெரியம்மா மோதிரத்தைக் கழட்டிப் போட்டாங்க. அது கழலாம, சோப்பு நுரை போட்டுத் திருகி இழுத்தது நல்லா ஞாபகம் இருக்கு. பெரியப்பாவுக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை. மறுநாள் அவரே போய்ப் பேரைப் பட்டியல்ல எழுதியிருக்காங்களான்னு பார்த்துட்டு வந்தார்.

நவம்பர் 21-ம் தேதி சீனா தானாவே சண்டையை நிறுத்திச்சு. நம்ம பக்கம் ஒரு காரியம் நடந்தது, அதை நாம அதிகமாப் பேசுறதில்லை. பரம்பரையா இங்கேயே இருந்த சீனக் குடும்பங்களை, அஸ்ஸாம், டார்ஜிலிங், காலிம்பாங் பக்கம் இருந்தவங்களை, ரயில்ல ஏத்தி ராஜஸ்தான்ல தியோலி முகாம்ல அடைச்சாங்க. ஏறத்தாழ 3,000 பேர். செருப்பு தைச்சவங்க, டீத் தோட்டத்துல தச்சு வேலை பார்த்தவங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க. சில குடும்பம் நாலஞ்சு வருஷம் உள்ளே இருந்துச்சு. வெளியே வந்தா வீடும் கடையும் ஏலத்துல போயிருந்தது. இவங்களுக்காகக் குரல் கொடுக்க ஒரு நட்புறவுச் சங்கம் தேவைப்பட்ட நேரம் அதுதான்.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 8, சாயங்காலம்

"தமிழ்நாட்டுல என்ன மாறுச்சு?" ரெண்டு. கம்யூனிஸ்ட் கட்சி 1964-ல ரெண்டாச்சு, சீனச் சண்டை அதுக்கு ஒரு பெரிய காரணம். தி.மு.க. திராவிட நாடு கோரிக்கையைக் கைவிட்டது 1963-ல, அதுக்குப் பிரிவினைத் தடைச் சட்டம் ஒரு காரணம், சண்டை இன்னொரு காரணம். இது ரெண்டையும் எடுத்துட்டு நம்ம அரசியலைப் பேசவே முடியாது. பத்துப் பைசாவுக்கு மேலேயே தேறும்.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 10

சேலத்துக்கும் சீனாவுக்கும் நிஜமான சம்பந்தம் எதுன்னு கேட்டா, நான் நூல்னு சொல்வேன்.

எங்கப்பா பட்டு நெசவு. வெண்பட்டு வேட்டி. நூல் பெங்களூர், ராம்நகர் பக்கத்துல இருந்து வரும். பின்னாடி சைனா பட்டு வர ஆரம்பிச்சதும், தறிக்காரங்க ரெண்டையும் பிரிச்சு வச்சாங்க. நீளவாக்குல ஓடுற பாவுக்கு சைனா, குறுக்கே போற ஊடைக்குப் பெங்களூர். காரணம் சுலபம். சைனா இழை ஒரே சீரா இருக்கும், இழுத்துக் கட்டினா அறுபடாது. பாவு இழை அறுந்தா உட்கார்ந்து ஒவ்வொண்ணா முடிச்சுப் போடணும், கண்ணு போயிடும். ஊடையில கொஞ்சம் தடிப்பு மெலிசு இருந்தாலும் துணி தாங்கிக்கும்.

அந்த நூல் மலிவா வந்து குவியவும் கர்நாடகத்துல பட்டுப்பூச்சி வளர்க்கிறவங்க அலறினாங்க. 2003-ல சைனா கச்சாப் பட்டுக்குப் பொருள்குவிப்புத் தடுப்பு வரி போட்டாங்க. வரி போட்டா பூச்சி வளர்க்கிறவனுக்கு மகிழ்ச்சி, தறிக்காரனுக்கு வயித்தெரிச்சல். வரியை எடுத்தா அப்படியே தலைகீழ். அப்பா செய்தித்தாள்ல எல்லைப் பிரச்சினையைப் படிச்சா பக்கத்தைத் திருப்பிடுவார், நூல் விலை வந்தா மட்டும் கண்ணாடியைத் தேடுவார்.

ஒரு உபகதை: எங்க தெருவுல சௌராஷ்டிரம், தெலுங்கு, கன்னடம், தமிழ் நாலும் பேசுவாங்க. நாலு பேருக்கும் ஒரே நூல் முறுக்குப் பட்டறை, ஒரே வட்டிக்கடை. நட்புறவுச் சங்கம் யாரும் வைக்கலை. சண்டை வந்தா நாலு மொழியிலயும் திட்டிக்குவாங்க, சாயங்காலம் பாவு நீட்ட ஆள் வேணும்னா மறுபடி கூப்பிட்டுக்குவாங்க.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 11

மாக்னசைட் ஜங்ஷன் பக்கத்துல இருந்து ஒருத்தர், "வெள்ளைக்கல்லை விட்டுட்டீங்களே"ன்னு வருத்தப்படுறார். சீன மாக்னசைட் மலிவா வந்து நம்ம சுரங்கத்தைக் கடிச்ச கதை அவருக்குத்தான் நல்லாத் தெரியும், அங்கே வேலை பார்த்தவர். நீங்களே எழுதுங்க, நான் படிக்கிறேன்.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 12, இரவு

இப்ப என் சொந்தப் பேட்டைக்கு வரேன். என் பேர்லயே இருக்கு, ரேடியோ.

சண்டை முடிஞ்சு ஒரு வருஷம்கூட ஆகலை. 1963 ஆகஸ்ட் 1-ம் தேதி பீகிங் வானொலி தமிழ் ஒலிபரப்பை ஆரம்பிச்சது. டெல்லியில தூதர்கூட இல்லாம ரெண்டு நாடும் முகத்தைத் திருப்பிக்கிட்டு இருந்த வருஷங்கள்ல, ஒவ்வொரு நாளும் இருட்டின அப்புறம் சீனாக்காரங்க தமிழ்ல பேசிட்டு இருந்தாங்க. தூதர் திரும்பிப் போனது 1976-ல, கே. ஆர். நாராயணன்.

நான் ரேடியோ ரிப்பேர் கடை போட்டது அதுக்கு அப்புறம்தான். சிற்றலை, அதாவது ஷார்ட்வேவ், கேட்கிறவங்க ஒரு தனி ஜாதி. இலங்கை வானொலிக்குப் பாட்டு, பிபிசி தமிழோசைக்குச் செய்தி, மாஸ்கோ, மணிலாவுல இருந்து வெரித்தாஸ், அப்புறம் பெய்ஜிங். அந்தந்த நிலையம் எங்கே எடுக்குதோ அந்த இடத்துல டயல் கண்ணாடி மேல நகப்பூச்சால ஒரு புள்ளி வச்சுக்குவாங்க. வீட்டம்மாவோட நகப்பூச்சு, அதனால புள்ளி எல்லாம் சிவப்பு. சிற்றலையில கோடைக்கு ஒரு அலைவரிசை, குளிருக்கு ஒண்ணுன்னு மாத்துவாங்க, புள்ளியும் ரெண்டாகும். டயல் நூல் அறுந்து என்கிட்ட வந்த பெட்டியில நூலை மாத்திக் கட்டினா முள் இம்மியளவு நகர்ந்துடும். "என் புள்ளி தப்பாயிடுச்சு"ன்னு சண்டைக்கு வருவாங்க. ராத்திரி வரைக்கும் கடையைத் திறந்து வச்சு, நிலையம் வந்ததும் முள்ளைப் புள்ளிக்கு நேரா நிறுத்திக் கொடுத்து அனுப்பியிருக்கேன்.

அம்மாபேட்டையில தறி மோட்டார் ஓடினா ரேடியோ கரகரன்னு கொல்லும். ஏற்காட்டுல அந்தத் தொல்லை இல்லை. காப்பித் தோட்டத்துல வேலை பார்த்த நண்பர் ஒருத்தர் ரெண்டு சில்வர் ஓக் மரத்துக்கு நடுவுல செம்புக்கம்பி கட்டியிருந்தார். அவர் வீட்டுல பெய்ஜிங் பக்கத்து வீட்டுல பேசுற மாதிரி கேட்கும்.

பேசுறவங்க சீனாக்காரங்க, தமிழ்ப் பேர் வச்சுக்கிட்டவங்க. பத்திரிகைத் தமிழைவிடச் சுத்தமாப் பேசுவாங்க. கடிதம் போட்டா பதில் வரும். கவர்ல நிகழ்ச்சி நிரல், நேயர் அட்டை, சிவப்புக் காகிதத்துல பூவும் சேவலும் வெட்டின ஒரு தாள். பொது அறிவுப் போட்டி வச்சு, ஜெயிச்சவங்களைச் சீனாவுக்கே கூட்டிட்டுப் போயிருக்காங்க. ஊருக்கு ஊர் நேயர் மன்றம். தலைவர், செயலாளர், ரப்பர் ஸ்டாம்ப் எல்லாம் உண்டு. அந்த மன்றத்துல டெய்லர் இருந்தார், ஜவ்வரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை இருந்தார், பத்தாவது படிக்கிற பொண்ணு இருந்துச்சு. 1950-கள்ல மேடையில உட்கார்ந்தவங்க ஒருத்தரும் இல்லை. இதுவும் நட்புறவுச் சங்கம்தானுங்களே? நீங்க 62-ல செத்துப்போச்சுன்னு சொன்னது, 63-ல தபால் பெட்டி வழியா மறுபடி வந்துச்சு.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 13

காலையில எழுந்து ராத்திரி எழுதினதைப் படிச்சேன். ரொம்ப இனிப்பா இருக்கு. கொஞ்சம் உப்புப் போடணும்.

அந்த ஒலிபரப்பு சீன அரசாங்கத்தோட பிரச்சாரம். அதுல சந்தேகம் வேண்டாம். எல்லைன்னு வந்தா அவங்க பக்கத்துக் கதைதான். 1989-ல பெய்ஜிங் தியானன்மென் சதுக்கத்துல போராடின மாணவர்களை ராணுவம் அடக்கினப்போ நான் தமிழோசையையும் பெய்ஜிங்கையும் மாத்தி மாத்திக் கேட்டேன். ரெண்டு வேற ஊர்ல நடந்த மாதிரி இருந்துச்சு. காகிதப் பூவை வாங்கிக்கிட்டு அதைப் பத்தி ஒரு கடிதம் எங்க வட்டத்துல யாரும் எழுதலை. நானும் எழுதலை. அப்படிப் பார்த்தா சுந்தர்லால் ஆட்களை நான் திட்டினதுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனா ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யுது. அவங்ககிட்ட கேட்கிற பலம் இருந்துச்சு. ஜவ்வரிசி ஆலைக் கணக்குப்பிள்ளை ஐம்பது காசுத் தாள்ல எழுதிக் கேட்டு என்ன ஆகப்போகுது?

இன்னொரு உப்பு. சைனாவுல இருந்து கவர் வருதுன்னு சாதாரண உடுப்புல ஒருத்தர் கடைக்கு வந்து, யார் யார் எழுதுறாங்கன்னு விசாரிச்சார். நேயர் அட்டையைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "இந்தச் சேவல் எம் பொண்ணுக்குப் பிடிக்கும்"னு ஒண்ணை எடுத்துட்டுப் போனார்.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 15

அக்குபஞ்சரும் இந்தக் கதையில ஒரு கிளை, யாரும் சொல்லலை. மேலே சொன்ன அஞ்சு டாக்டர்ல பாசு இருக்காரே, பி. கே. பாசு, அவர் 1943-ல ஊர் திரும்பினார். 1950-களோட கடைசியில மறுபடி சீனா போய் அக்குபஞ்சர் கத்துக்கிட்டு வந்து கல்கத்தாவுல ஆரம்பிச்சார். இந்தியாவுல அதை நட்டவர்னு அவரைத்தான் சொல்றாங்க. கோட்னிஸ் பேர்ல குழு வச்சு நடத்தினவரும் அவர். நம்ம ஊர்ல இன்னைக்குத் தெருவுக்கு ஒரு அக்குபஞ்சர் போர்டு இருக்கு. முட்டி வலிக்கு நானும் போனேன். ஊசி போட்டவர்கிட்ட பாசு பேரைச் சொன்னேன், "அவரு எந்த சென்டர்?"னு கேட்டார். முட்டி வலி அப்படியேதான் இருக்கு.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 17

நெத்திமேடு_72, "2020-க்கு அப்புறமும் இப்படிப் பேச மனசு வருதா?"ன்னு கேட்டிருக்கீங்க.

லடாக் எல்லையில கல்வான்ல, ஜூன் 15 ராத்திரி சீனப் படையோட நடந்த கைகலப்புல நம்ம ஆட்கள் இருபது பேர் செத்தாங்க. ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி அதுல ஒருத்தர். அந்த வாரம் என் கடைக்கு வந்த ஒரு பையன் சைனா சாமான் வேண்டாம்னு சத்தம் போட்டான். கையில இருந்தது உடைஞ்ச சைனா போன். இப்ப நான் ரேடியோவோட மொபைலும் பார்க்கிறேன், டிஸ்ப்ளே காம்போ, சார்ஜிங் பின், பேட்டரி எதை எடுத்தாலும் அங்கிருந்துதான் வருது. "இந்தியா காம்போ போடுங்கண்ணா"ன்னான். இல்லடா தம்பின்னேன். கொஞ்ச நேரம் நின்னுட்டு, "சரி, நல்லதாப் போடுங்க"ன்னான். அவனைக் கிண்டல் பண்ண எனக்கு மனசு வரலை. பெரியப்பாவுக்குச் சோறு இறங்காத மாதிரிதான் அவனுக்கும் இருந்திருக்கும்.

உங்க கேள்விக்குப் பதில்: வருது. செத்தவங்களுக்காகக் கோபப்படுறதும், கோட்னிஸை மதிக்கிறதும் ஒரே மனசுல முடியும். ரெண்டுல ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்கணும்னு 1959-லயும் சொன்னாங்க. அப்படிச் சொன்னதாலதான் சங்கத்துல பேசத் தெரிஞ்ச ஆள் இல்லாமப் போனாங்க.

அம்மாபேட்டை ரேடியோ
நவம்பர் 18

குகை மாப்பிள்ளை சேலத்துல புதுசா ஒரு சங்கம் ஆரம்பிக்கலாங்கிறார், என்னையே தலைவராப் போடுறாராம். வேண்டாம் மாப்பிள்ளை. கூட்டம் போடுங்க, வரேன். முதல் கூட்டத்துலயே எல்லை வரைபடத்தை மேஜை மேல விரிச்சு வச்சுப் பேசுங்க. தியோலி முகாமையும் பேசுங்க, கல்வானையும் பேசுங்க. சைனா நூல் விலையைப் பத்திப் பேச ஒரு தறிக்காரரைக் கூப்பிடுங்க, பூச்சி வளர்க்கிறவர் கிடைச்சா அவரையும் எதிர்ல உட்கார வைங்க. டீச் செலவு என்னுது. ராஜராஜன் தூது அனுப்பினதுல இருந்து ஆரம்பிச்சு யாராவது பொன்னாடை போர்த்தினா, நான் பாதியில எழுந்து கடைக்குப் போயிடுவேன், சொல்லிட்டேன்.

பழைய நேயர் அட்டை வச்சிருக்கிறவங்க எடைக்குப் போடாம எடுத்துட்டு வாங்க. சேவல் படம் போட்டது என்கிட்ட இல்லை.